இடப்பக்கம் ஏறியவர்

"ஆளே ஏறலையே, அப்புறம் ஏம்ப்பா வண்டி அமுங்குது?"

ஆறு வயது பாப்பாயி இதைக் கேட்டது நல்ல வெயிலில், பெரம்பலூரில் அவள் அப்பாவின் பட்டறையில். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, அங்கே நின்ற பச்சை நிறக் காரின் முன்பக்க இடது மூலையைக் காட்டினாள். ராசாங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புது ஸ்பிரிங்கும்மா. படிஞ்சு எடம் பிடிக்குது" என்றான். அவள் போகும்போது வண்டியின் இடப்பக்கத்தைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனாள்.

அந்தக் காரை அரியலூருக்கு ஓட்டிக்கொண்டு போகிற இந்த நேரத்தில், விளக்கு வைக்கிற பொழுதில், அவனுக்கு அவள் சுற்றிக்கொண்டு போனதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டே சீட் உள்ள இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து போன வருஷம், ஊரார் ஆண்டவர் என்று அழைக்கும் அரியலூர்ப் பண்ணைக்காரர் வாங்கியது. சீமை ரோட்டுக்குச் செய்த வண்டி, நம்மூர் வண்டித்தடத்தில் தவளை மாதிரிக் குதித்தது. "முன்பக்கத்த மெத்துன்னு ஆக்கிக் குடு மேஸ்திரி. மகளையும் மருமவனையும் ஒக்கார வெச்சுத் திருமழபாடிக்கு அனுப்பணும்" என்றார். ராசாங்கம் ராணுவத்தில் கழித்துப்போட்ட ஜீப்பின் ஷாக் அப்சார்பர்களைத் திருச்சியில் வாங்கிவந்து பொருத்தினான். முன் ஸ்பிரிங்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளில் விறைப்பானவற்றைக் கழற்றி, வளைந்து கொடுக்கும் பட்டைகளாக மாற்றினான். வலப்பக்கத்துக்குச் சரியானது கிடைத்துவிட்டது. இடப்பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை குறைந்தது.

அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

பாதி வழியில் ஓர் ஓடை இறக்கம். அதன் மேட்டில் மதுரைவீரன் கோயில். விபத்தில் பிழைத்தவர்கள் வண்டியின் இரும்பை அங்கே நட்டுவைப்பார்கள். பிழைக்காதவர்களுக்கு அவர்கள் வீட்டார் நடுவார்கள். யுத்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்த புகையில் ஓடிய சின்ன வேன் ஒன்றில் பூமாலை என்பவர் கிளீனர். அந்த ஏற்றத்தில் நின்றுபோன வேன் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குதித்தவர், கட்டையோடு கையும் சக்கரத்தடியில் சிக்கி, அங்கேயே செத்துப்போனார். அந்த வேனின் பட்டையை அவர் மனைவி வீராயி நட்டாள். தினமும் அதனடியில் அகல் ஏற்றினாள்.

ராசாங்கம் கெட்டவனில்லை. சூடம் கொளுத்தி, "எரவலாத்தான் எடுத்துக்கிறேன் சாமி" என்று கும்பிட்டுவிட்டுத்தான் அதைப் பிடுங்கிவந்து காரில் பொருத்தினான். சாமியிடம் சொன்னான். அந்த மேட்டிலேயே வேர்க்கடலை விற்கும் வீராயியிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே பட்டறைக்கு வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பட்டையக் காணும்ங்க மேஸ்திரி. நீங்க எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"பாக்கலையே. பழைய இரும்புக்காரன் எவனாச்சும் தூக்கிருப்பான்."

"உசுரோட இருக்கையிலயே வூடு தங்க மாட்டாரு அந்த மனுசன்" என்று சிரித்தாள். "இப்ப இருந்த எடமும் போச்சு. எந்த வண்டியில தொத்திக்கிட்டுத் திரியிறாரோ." போகும்போது மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலை எடுத்துவைத்தாள். "புள்ளைக்குக் குடுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். சின்னப் பொய்தான். ஆனால் அந்தக் கடலையைப் பாப்பாயி உரித்துத் தின்பதை அவனால் பார்க்க முடியவில்லை.

கரிசல் காட்டின் மேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்த மண்வாசனையும், சோளத்தட்டையின் ஈர வாடையும், புதிதாக விட்ட ஷாக் அப்சார்பர் எண்ணெயின் நெடியும் கலந்து வீச, வண்டி அவன் நினைத்ததைவிட மெத்தென்று போய்க்கொண்டிருந்தது. பள்ளங்களை விழுங்கியது, கல்லில் ஏறி இறங்கியபோது ஒரு தடவை மூச்சுவிட்டு அடங்கியது. அவனுக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான் இடது மூலை தணிந்தது.

பள்ளம் இல்லை. வளைவு இல்லை. ஒருவர் கூச்சத்தோடு, மெதுவாக, படியில் கால் வைத்து ஏறியது போலத் தணிந்து, அப்படியே நின்றது. ஸ்பிரிங் அமுங்குவதை வைத்தே ஆளின் எடையைச் சொல்லக்கூடியவன் அவன். ஒல்லியான ஆள்.

அவன் இடப்பக்கம் பார்க்கவில்லை. பெட்ரோல் வண்டிதான் ஓட்டுகிறான். ஆனால் காற்றில் கரிப்புகை வந்தது. யுத்தத்தோடு மறந்துபோன வாடை, தொண்டையில் கசந்தது.

இடது கதவில் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். டப், டப்.

இரண்டு தட்டினால் போகலாம். எல்லாக் கிளீனர்களும் அப்படித்தான் தட்டுவார்கள்.

அவன் போனான். வாய் தானாக முருகா, முருகா என்றது. நாளைக் காலையில் இந்த இடது சீட்டில் ஆண்டவரின் மகள் உட்காருவாள். மஞ்சள் தாலிக்கயிறு காயாத பெண். அவளருகில் இது தொத்திக்கொண்டு வரும். அதை நினைத்ததும், தன் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்குள் எழுந்தது.

ஓடை இறக்கம் வந்தது. மேட்டில் கோயில்.

டப்.

ஒரே தட்டு. நிறுத்து.

எஞ்சின் தானாக அணைந்தது.

வீராயி வீட்டுக்குப் போயிருந்தாள். வெறும் குழிக்கு முன்னால் அவள் ஏற்றிய அகல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பட்டை இல்லாத இடத்துக்கும் அவள் விளக்கு வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கழற்றிய சாமானை உடையவரிடமே கொடுத்துவிடுவது பட்டறை வழக்கம். அதனால் காரின் பழைய பட்டை பின்னால் சாக்கில் இருந்தது. லாந்தரைக் கொளுத்தினான். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினான். ஸ்பிரிங்கைக் கழற்றி அந்த ஒரு பட்டையை உருவி எடுத்து, குழியில் நட்டு, மண்ணை மிதித்தான். "குடுத்துட்டேண்ணே. வீராயிக்கிட்டயும் நாளைக்கு உண்மையச் சொல்லிடுறேன்."

கரிவாடை போகவில்லை.

மறுபடி வண்டிக்கடியில் நுழைந்தான். பழைய பட்டையைச் சேர்த்து ஸ்பிரிங்கை மாட்டினான். கடைசி நட்டு. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

சக்கரத்துக்குக் கல் வைக்காதது அப்போதுதான் உறைத்தது.

ஈர மண்ணில் ஜாக்கி சாய்ந்தது. வண்டி இறங்கியது. உருண்டது. அவன் கழுத்தை நோக்கி. கத்த மூச்சில்லை. டயரின் ஈரம் தாடையில் பட்டது.

டொக்.

நின்றது.

சிறிது நேரம் அவன் அப்படியே கிடந்தான். பிறகு உடலை இழுத்து இழுத்து வெளியே வந்தான். லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தான்.

இடது சக்கரத்தடியில் ஒரு முக்கோணக் கட்டை. ஓரமெல்லாம் கருகிய கட்டை. அதன் மேல் நான்கு விரல்கள். நகக்கண்ணில் கரி. டயர் அவற்றின் மேல் ஏறி நின்றது. மணிக்கட்டு வரை தெரிந்தது. அதற்கப்பால் வெளிச்சம் போகவில்லை.

விரல்கள் துடித்தன.

ஓடிவிடலாம். ரோட்டில் ஈ காக்கைகூட இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டடி ஓடவும் செய்தான்.

இருட்டில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம். முனகக்கூட இல்லை. தொந்தரவு தரக்கூடாது என்று அடக்கிக்கொள்கிற மூச்சு.

ராசாங்கம் திரும்பி வந்தான். அழுதுகொண்டே ஜாக்கியை நிமிர்த்தி, அடியில் பலகை போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். ஒவ்வொரு சுற்றாகத் தூக்கினான். சக்கரம் நூலளவு எழும்பியது. இன்னும் கொஞ்சம்.

"எடுத்துக்கங்கண்ணே" என்றான்.

நசுங்கித் தட்டையான விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கை மெல்லப் பின்வாங்கியது. போய்விட்டது என்று அவன் கண்ணை மூடித் திறந்தான்.

கை போகவில்லை. மண்ணைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தது. உடைந்த விரல்களால் கட்டையைத் தேடிப் பிடித்தது. எடுத்துக்கொண்டு, சக்கரத்தின் ஓரத்தில், வண்டி கிளம்பினதும் தொத்திக்கொள்வதற்காகக் காத்திருந்தது.