பாட்டிலுக்குள் யார்?

உருண்டு வந்த பந்தை ஜூஸ் பாட்டில் நிறுத்தியது. அதுவும் இடது குதிகாலால்.

கோந்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்து கையில் ஒட்டிக்கொள்வதால் கோல்கீப்பரான அவளுக்கு அந்தப் பெயர். இப்போது அவள் கையில் இருந்த இன்னொரு பந்து நழுவி விழுந்தது.

அப்படி நிறுத்துவது ஒரே ஒருவர்தான். பயிற்சி தரும் விசில் அக்கா. காலையிலிருந்து அவரைக் காணோம்.

அணியின் பயிற்சிச் செலவை ஜூஸ் கம்பெனி ஏற்றுக்கொண்ட முதல் நாள் அது. புதுப் பந்து, புது வலை, சட்டை முழுக்கக் கம்பெனியின் பெயர். கோட்டோரத்தில் ஆளுயரப் பாட்டில் வேடம் ஒன்று குதித்துக் குதித்து ஆடியது.

கோந்து ஓடிப்போய், பாட்டிலின் கழுத்தில் இருந்த துவாரத்தில் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா! நீங்களா?"

"கத்தாதேடி!" உள்ளே மூச்சு வாங்கியது. "வேஷம் போடற ஆள் வரலை. என்னைப் போடச் சொல்லிட்டாங்க."

"முடியாதுன்னு சொல்லலாமே?"

"கம்பெனி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா பயிற்சியே நின்னுடும். நீ போ."

அக்கா மறுபடி ஆடினார்.

விஷயம் தெரிந்ததும் அணியின் பொடியன் பட்டாணிக்குத் திறந்த வாய் மூடவில்லை. "ஐயையோ! இப்பத்தான் அதோட வயித்துல குத்திட்டு வந்தேன்!"

கோந்து நேராக, ஜூஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த சாரிடம் போனாள்.

"சார், பாட்டிலுக்குள்ள எங்க கோச் இருக்காங்க."

"தெரியும்மா. அவங்கதான் சும்மா நின்னாங்க."

"சும்மாவா?" அவள் குரல் கீச்சிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "நாங்க பயிற்சி எடுக்கறதைப் படம் பிடிக்கணும்னு சொன்னீங்களே சார்? கத்துக்கொடுக்க யாரு இருக்கா? பாட்டில் விசில் ஊதுமா?"

சார் தலையைச் சொறிந்தார். "வேஷம் போட வேற ஆள் இல்லையேம்மா."

"எங்களுக்குப் பெரிசா இருக்கும். போட்டோ எடுக்கறவர் கையில கேமரா." கோந்து சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் அவரைப் பார்த்தாள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"நானா?" சார் அதிர்ந்து போனார்.

"உங்களுக்கு நல்ல உயரம் சார்," என்றான் பட்டாணி.

சற்று நேரத்தில் மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. அக்கா, வியர்வையில் நனைந்த தலையோடு, "ஓடுங்க! ஓடுங்க!" என்று விரட்டினார்.

கோட்டோரத்தில் பாட்டில் ஆடியது. கீழே பளபளக்கும் கறுப்பு ஷூ.

பந்து ஒன்று அதனிடம் உருண்டது. பாட்டில் ஓங்கி உதைத்தது. பந்து வெளியே போனது. ஷூ கோலுக்குள் போனது.



பாட்டிலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கோச்! எனக்கும் கொஞ்சம் கத்துக்கொடுங்க!"