ஐந்தாம் கட்டிலின் சிவப்புக் கோடு

காலை பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். இதய அறுவை முடிந்து அண்ணனுக்கு அது இரண்டாம் நாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னல்களில் நல்ல வெயில் அடித்தது. ஆனாலும் ஐந்தாம் கட்டிலை நெருங்கியதும் தங்கையின் உள்ளங்கால்கள் சில்லிட்டன. ஸ்பிரிட் வாடையோடு ஈர இரும்பின் வாடையும் வந்தது.

"வந்துட்டியா குட்டி? உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு பிரஷர் ஏறும்," என்று மாஸ்க்குக்குள் முனகினார் அண்ணன்.

"ஏறட்டும். இப்ப அதுதானே வேணும்."

உண்மையில் அது மட்டும்தான் வேண்டியிருந்தது. விடியவிடிய மருந்து ஏற்றியும் பிரஷர் எழுபதைத் தாண்டவில்லை. மணிக்கட்டு ரத்தக்குழாயில் செருகியிருந்த மெல்லிய குழாய், பக்கத்துக் கம்பியில் மாட்டிய சின்ன டப்பாவுக்குப் போனது. அங்கிருந்துதான் மானிட்டர் திரையில் பிரஷரைக் காட்டும் சிவப்புக் கோடு. அதற்கு மேலே இதயத் துடிப்பின் பச்சைக் கோடு. அண்ணனுக்குப் பழைய கோளாறு ஒன்று உண்டு: இரண்டு துடிப்பு, ஒரு நிறுத்தம். இரண்டு கோடுகளும் சேர்ந்தே துள்ளின, சேர்ந்தே நின்றன.

நர்ஸ் டப்பாவை அண்ணனின் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றித் திருகி இறுக்கினாள்.

"இது கீழ இறங்கினா இல்லாத பிரஷரக் கூட்டிக் காட்டும்மா. பாத்தா உடனே கூப்பிடுங்க. இந்தக் கட்டில்ல மட்டும் தானா இறங்குது. அடியில ஒருத்தர் படுத்துக்கிட்டு, தன் நெஞ்சுக்கு நேரா இழுத்துக்கறார்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"யாரு?"

நர்ஸின் சிரிப்பு போய்விட்டது. "போன மாசம் ஒருத்தர் இறங்கப் பாத்து விழுந்துட்டார். தூக்கறதுக்குள்ள..."

அடுத்த கட்டிலில் மணி அலறியது. அவள் ஓடினாள்.

66. 64.

கிர்ர்ர்.

டப்பா கம்பியில் இறங்கிக்கொண்டிருந்தது. வழுக்கவில்லை. யாரோ கை மாற்றி இழுப்பதுபோல, நின்று நின்று இறங்கியது. தொங்கிய போர்வைக்குப் பின்னால் மறைந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

திரையில் 122.

தங்கை குனிந்து அதைப் பிடித்துத் தூக்கினாள். எண் சரசரவென இறங்கியது. 90. 64. அடியிலிருந்து ஒரு மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.

கையை விட்டுவிட்டாள்.

122.

"குட்டி," அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "கீழ யாரு மூச்சு விடறது?"

"யாருமில்லண்ணா. தூங்கு."

தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு நின்று நின்று துடித்தது.

சிவப்பு நிற்கவே இல்லை.

அந்த வழியாகப் போன டாக்டர் தூரத்திலிருந்தே எண்ணைப் பார்த்தார். "அட, நூத்தி இருபத்திரெண்டா! நல்லாத் தேறிட்டாரே. மருந்தக் குறைச்சிருங்க."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொன்னால் மறுபடி அந்த அறுபத்துநாலைப் பார்க்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் அண்ணனின் விரல்கள் குளிர்ந்தன. பச்சைக் கோடு நீண்டு படுத்தது. எல்லோரும் ஓடி வந்து அவர் மார்பை அமுக்கியபோதும், சிவப்பு 122-இல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் இறந்த நான்காம் நாள் அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிப்போக வந்தாள். ஐந்தாம் கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. டப்பா தரையோரம் கிடந்தது. குழாயின் முனை யார் கையிலும் இல்லாமல் தொங்கியது.

"இந்த மானிட்டர யாரு ஆன் பண்ணது?" என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

சிவப்புக் கோடு ஓடியது.

இரண்டு துடிப்பு. ஒரு நிறுத்தம்.

64.

தங்கை ஓர் அடி முன்னால் வைத்தாள்.

70.

இன்னோர் அடி.

85.