செப்புத் தகட்டில் தாத்தா

அந்தப் படம் தொண்டாமுத்தூர் பங்களாவில் வந்து இறங்கியபோது வெங்கடபதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மகளைப் பெண் பார்க்க மறுநாள் வருகிறவர்கள் பழைய ஜமீன் குடும்பம். வெறும் மில் முதலாளி என்றால் அவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அதனால் ஊட்டி ஏலத்தில் எடுத்த, படம் அச்சடிக்கிற பழைய செப்புத் தகடு ஒன்றில், எந்தச் சமஸ்தானத்து ராஜாவோ, அவர் முகத்தை மட்டும் தேய்த்தெடுத்து அங்கே தன் தாத்தா சுந்தரராஜுலுவின் முகத்தைச் செதுக்கவைத்து அச்சடித்திருந்தார். தலைப்பாகைப் பதக்கம், பட்டு அங்கி, செங்கோல் எல்லாம் ராஜாவுடையவை. முகம் மட்டும் தாத்தாவுடையது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த காளியாத்தாள் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க சாமி, கையில சாட்டையப் போட்டு வரஞ்சிருக்கறாங்க?"

"அது செங்கோல். போயி வேலையப் பாரு."

"எங்கப்பன் மேல உழுந்த சாட்டைங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

அவருக்கும் தெரியும். பங்களா முன்னால் செருப்போடு நடந்த குற்றத்துக்குத் தாத்தா அவள் அப்பன் மாரப்பனை அடித்ததைச் சின்ன வயதில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்தான். மாரப்பன் அதோடு படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. வெங்கடபதி படத்தை ஹாலில் மாட்டச் சொன்னார். அதில் செங்கோல்தான் இருந்தது. நுனி கொஞ்சம் வளைந்தாற்போல் பட்டது.

மறுநாள் அவர்கள் வந்தபோது மலைப்பக்கம் கறுத்து, கரண்டும் போயிற்று. மங்கிய ஹாலில் மையின் வாசனையை மீறி நனைந்த தோல் வாடை அடித்தது.

"இவரு யாருங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

எதிர்பார்த்திருந்த கேள்வி. பெருமையாக நிமிர்ந்து பார்த்தார் வெங்கடபதி.

செங்கோலைக் காணோம்.

அந்தக் கையிலிருந்து சாட்டை தொங்கியது.

நுனி ஈரமாக இருந்தது.

வாசல்படிக்கு வெளியே காளியாத்தாள் நின்றிருந்தாள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். இப்போதாவது தாத்தாவைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

"யாரோ ராஜாங்க. எங்களுக்குச் சம்பந்தமில்லீங்க."

சொன்ன வாய்க்கே அவமானமாக இருந்தது.

வந்தவர் படத்தின் அருகில் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லா வெளையாடறீங்க போங்க. இது நீங்கதானுங்களே! மூக்குக்கண்ணாடி கூட அப்படியே இருக்குதுங்க."

தாத்தா கண்ணாடி போட்டதே கிடையாது.

மனைவி பங்காரம்மா காபியை நீட்டினாள். வாங்குவதற்கு வலது கையைத் தூக்கினார். எதையோ இறுகப் பிடித்ததுபோல விரல்கள் மடங்கியிருந்தன.

விரிக்க வரவில்லை.