பறியை விட்டுவிடாதே

அரிசி களையும்போதுதான் அது முதலில் நடந்தது. அலுமினியக் குண்டானின் கலங்கிய தண்ணீருக்குள் வேலம்மா வலது கையை விட்டாள். அவள் நினைப்பதற்கு முன்பே கை வெளியே துள்ளியது. தண்ணீர் சுடவில்லை. மறுபடி விட்டாள். மறுபடி துள்ளியது. அடி தெரியாத தண்ணீர் எதுவானாலும் அவள் கைக்கு இப்போது ஏரிதான்.

மகள் வசந்தா பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால்கூட வேலம்மாவுக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிப்பதில் வேலம்மாவுக்கு ஈடாக அந்தக் குப்பத்தில் எவளும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, பெண்கள் வரிசையாக நகர்வார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் துழாவும். அகப்பட்ட இறாலைப் போட, ஓலையில் பின்னிய பறி ஒன்று வாயில் தொங்கும். அதன் விளிம்பைப் பல்லால் கடித்தபடிதான் முழு வேலையும். அதனால் தண்ணீருக்குள் யாரும் பேசமாட்டார்கள். பறியை வாய் நழுவவிட்டவளை ஒரு வாரம் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் நகராமல் தேங்கி, பாசி அழுகிய நாற்றம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. இறாலைத் தேடிப் பெண்கள் தெற்கே, பழைய வலைக்கம்புகள் சாய்ந்து நிற்கிற பக்கம் போனார்கள். மற்ற இடத்தில் மடவை மீன் துள்ளிக்கொண்டே இருக்கும். கம்புகளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுகூடத் துள்ளவில்லை. கம்புகளின் மேல் ஒரு பறவைகூட உட்காரவில்லை. இறால் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

அங்கேதான் சேற்றுக்குள் ஏதோ ஒன்று அவள் கையைப் பிடித்தது. கடிக்கவில்லை, குத்தவில்லை. ஐந்து விரல்கள், மெதுவாக, பிடித்துப் பார்ப்பதுபோல.

வேலம்மா அலறினாள். பறி விழுந்து அன்றைய இறால் அத்தனையும் தண்ணீரோடு போயிற்று. சேலைக்குள் சூடாக எதுவோ இறங்கியது. தண்ணீருக்குள் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"இன்னா சம்மந்தி, முதலையா?" என்று மணியம்மாள் சிரித்தாள். அவள் கோட்டைக்குப்பத்துக்காரி. வசந்தாவைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்தவள். மற்ற பெண்கள் வந்து அந்த இடத்தைத் துழாவினார்கள். ஒரு வலைக்கயிறு அகப்பட்டது.

"தோ பாரு, உன் முதலை! ஐய, இதுக்கா கத்துனே? எம்புள்ள பொண்ண கட்டிக்கினு போறானா, பேய கட்டிக்கினு போறானான்னே தெரியலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "கயிறுதாம்மே. நான்தான் பயந்துட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவளால் ஏரியில் கை வைக்க முடியவில்லை. அவளுக்குப் பதிலாக வசந்தா போனாள். போகும்போதெல்லாம் வேலம்மா சொல்லி அனுப்பினாள்: "இன்னா நடந்தாலும் பறிய மட்டும் வாயிலருந்து வுட்டுடாதடி. நான் பட்ட அசிங்கம் போதும்."

புதன்கிழமைகளில் வந்து போகும் டாக்டர் இனாயத்துல்லாவிடம் கடைசியில் அவள் கையைக் காட்டினாள். கயிறு என்றுதான் அவரிடமும் சொன்னாள்.

"கைல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் இங்க" என்று அவர் தலையைத் தொட்டுக் காட்டினார். "பயந்தா உடம்பு ஒரு நீர் சுரக்கும். நெஞ்சு அடிச்சுக்கும், கை ஓடப் பாக்கும். அந்த நேரத்துல மூளை பாத்ததை எல்லாம் ஆணி அடிச்சு மாட்டிக்கும். சேறு, தண்ணி, நாத்தம், எல்லாத்தையும். அது கத்துக்கின பாடம்."

"மறக்க வெக்க முடியாதா, நைனா?"

"மறக்காது. ஆனா புதுப் பாடம் சொல்லித் தரலாம். இந்த மாத்திரை அந்த நீரை நெஞ்சாண்ட வேலை செய்ய வுடாது. ஒண்ணு போட்டுக்கினு ஒரு தொட்டியில சேத்தைக் கரைச்சு கை வை. ஒண்ணும் ஆவலைன்னு மூளை மெல்லக் கத்துக்கும். ஒண்ணுதான், கேட்டியா? பயமே இல்லாத மனுஷன் ரோட்டுல லாரிக்கு முன்னாடி போய் நிப்பான்."

மாத்திரைகளை வேலம்மா சுருக்குப் பையில் வெற்றிலைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வசந்தா இல்லாத நேரம் பார்த்துத் தொட்டியில் ஏரிச் சேற்றைக் கரைத்தாள். முதலில் விரல் நுனி. பிறகு மணிக்கட்டு. நாளாக நாளாக நெஞ்சின் அடி தணிந்து, கை தன் கையாகத் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் முழங்கைவரை உள்ளே விட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அழுகையாக வந்தது.

அடுத்த முறை ஏரியில் இறங்கும்போது அவளும் வருவதாக மணியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள். ஆனால் கிளம்பும்போது, அத்தனை பேர் முன்னால் மறுபடி கை துள்ளினால் என்ற நினைப்பு வந்தது. மணியம்மாளின் சிரிப்பு காதில் கேட்டது. சுருக்குப் பையைத் திறந்து கையில் வந்த அத்தனை மாத்திரைகளையும் விழுங்கினாள்.

பொழுது சாய்கிற நேரம். தண்ணீர் தகரம்போல அசையாமல் கிடந்தது. வேலம்மா மண்டியிட்டாள், பறியைக் கடித்தாள், சேற்றுக்குள் கை விட்டாள். கை நடுங்கவில்லை. உடம்புக்குள் எல்லாம் பஞ்சு அடைத்ததுபோல் அமைதி. கையெட்டும் தூரத்தில் வசந்தா. கரைப்பக்கம், கொஞ்சம் தள்ளி, மணியம்மாளும் மற்றவர்களும். ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், யாரோ மூக்கால் மூச்சு விடும் சத்தம், சேற்றிலிருந்து குமிழி வந்து உடைகிற சத்தம் மட்டும்தான். வரிசை மெல்லக் கம்புகளை நோக்கி நகர்ந்தது.

குமிழிகள் நின்றன.

பக்கத்தில் வசந்தா அசையாமல் இருந்தாள். வேலம்மா திரும்பிப் பார்த்தாள். மகளின் இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருந்தன. கண்கள் அம்மாவையே பார்த்தன. அகலமான கண்கள். பறியைக் கடித்த தாடை கல்லாக இறுகியிருந்தது.

பெரிய இறால் போலிருக்கிறது என்று வேலம்மா நினைத்தாள். எவ்வளவு அமைதியாக அப்படி நினைத்தோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வசந்தாவின் தோள் ஒரு பக்கம் இறங்கியது.

மோவாய் தண்ணீரைத் தொட்டது.

கத்துடி. வேலம்மா மனதுக்குள் சொன்னாள். பறியை விடு. கத்து.

வசந்தா விடவில்லை. அம்மா சொல்லியிருந்தாள். பக்கத்தில் மாமியார் ஆகப்போகிறவள் இருந்தாள். மூக்குவரை தண்ணீர் வந்தது. கண்கள் மட்டும் மேலே. பிறகு கண்களும் இல்லை.

பறி தனியாக மேலே வந்தது. விளிம்பில் பல்தடம் பதிந்திருந்தது.

இந்த நேரம் நெஞ்சு வெடிக்க வேண்டும். வேலம்மா காத்திருந்தாள். அது மெதுவாக அடித்தது. தூங்குகிறவளின் நெஞ்சுபோல. ஓட வேண்டும், அலற வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்தது மட்டும்தான். உடம்பில் எதுவும் எழவில்லை.

மகள் இருந்த இடத்தில் அவள் கையை விட்டாள். நிதானமாக. சேறு குளிர்ந்திருந்தது. துழாவினாள்.

கண்ணாடி வளையல்.

அதற்குக் கீழே விரல்கள். வெதுவெதுப்பான விரல்கள். அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டன. வேலம்மா இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

அந்தப் பிடிக்கு மேல் இன்னொரு கை வந்து படிந்தது.

குளிர்ந்தது. மெதுவானது. முன்பு அவளைப் பிடித்த அதே கை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது.

வசந்தாவின் விரல்கள் தளர்ந்தன.

"இன்னா சம்மந்தி!" அந்தப் பக்கத்திலிருந்து மணியம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூவினாள். அவள் குரலில் இந்த முறை மெச்சுதல் இருந்தது. "இன்னிக்கு கை நடுங்கவே இல்லியே! வசந்தா எங்க?"

எல்லாப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை பேர் பார்க்கிறார்கள். வேலம்மாவின் முகம் சூடேறியது. மாத்திரைகள் தொடாமல் விட்டது அந்தக் கூச்சம் ஒன்றைத்தான்.

அவள் பற்கள் பறியை இன்னும் இறுக்கிக் கடித்தன. தோள் ஒரு பக்கம் இறங்கியது. மோவாய் தண்ணீரைத் தொட்டது.