பக்கத்து வீட்டுக்குப் போன புகை

கதவைத் திறந்ததும் லோயிஸ் முதலில் பார்த்தது அந்தக் கண்களைத்தான். மழைத்துளி இமையில் தங்கியிருக்க, லேசாகச் சிவந்து, கோபப்படலாமா வேண்டாமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த கண்கள்...

"ஏனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. இப்ப மத்தி மீன் வறுக்கறீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. என் வீடு... என் அடுப்பு... கேட்பதற்கு இவர் யார்?

"ஆமாங்க. உங்களுக்கும் ரெண்டு வேணுமா?"

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று அவள் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

பெயர் தேவநேசன் என்றான். போன மாதம்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவன். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் வேலை. மூக்கும் நாக்கும்தான் அவனுக்குச் சோறு போடுகின்றன. ஒரு வாரமாக அவன் கோட்டிலும் போர்வையிலும் மீன் வாசம். எந்தத் தேயிலையை முகர்ந்தாலும் மத்தி... ஆபீசில் எல்லோரும் தள்ளி உட்காருகிறார்கள்.

அவள் நம்பவில்லை. சமையலறையில் புதுசாகச் சிம்னி மாட்டியிருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து அண்ணன் ஜெஃப்ரி அனுப்பியது. காண்ட்ராக்டர் நல்லசாமி ஆள் வைத்து மாட்டிக் கொடுத்தார். புகையெல்லாம் நன்றாகத்தான் மேலே போகிறது என்றாள். போகிற புகை எங்கே வருகிறதென்று வந்து பாருங்கள் என்றான் அவன்.

அடுப்பை அணைத்துவிட்டு, சிம்னியை மட்டும் ஓடவிட்டு, அவன் பின்னால் போனாள்.

ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு வீடுகள். நடுச்சுவர் தலைக்கு மேலே உள்ள பலகைத் தட்டோடு நின்றுவிடும்; அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இருட்டு. கருங்கல் சுவரைத் துளைக்கச் சோம்பல்பட்டு, நல்லசாமியின் ஆட்கள் குழாயைப் பலகைக்கு மேலே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் வீட்டுப் புகை மேலேறி, சுவர் தாண்டி, பலகை இடுக்கு வழியாகச் சரியாக அவன் கட்டிலுக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

 அந்த அறையில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவள் பார்வை போன திசையைப் பார்த்து, வேலைக்குப் போகும்போதுகூட அதை நிறுத்துவதில்லை என்றான். திரும்பி வரும்போது வீட்டில் ஒரு குரலாவது இருக்குமே...

எங்கேயோ வலித்தது அவளுக்கு. அப்பா போனதிலிருந்து, பள்ளிக்கூட ஆபீஸ் முடிந்து வந்து பூட்டைத் திறக்கும் முன் அவளும்தான் வாசலில் கொஞ்சம் நிற்கிறாள். உள்ளே போக மனசு வராமல்... அதையெல்லாம் இவரிடம் சொல்ல முடியுமா? சீக்கிரம் சரி பண்ணச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

நல்லசாமி வரவில்லை. துளை போடும் மெஷின் கோத்தகிரியில் என்றார். மழை விடட்டும் என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அதுவரை ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் வறுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். அவன் ஜன்னலைத் திறந்து, கோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுவான். அதனால் தினமும் சாயங்காலம், மூடுபனி தெருவை விழுங்கும் நேரத்தில், அவள் கதவு தட்டப்பட்டது.

"இன்னிக்கு என்னங்க?"

"ரசம்தாங்க. பயப்படாதீங்க."

"தாளிப்பீங்கள்ல?"

"தாளிக்காம ரசமா? ஜன்னலைத் திறந்து வைங்க."

வாசம் மட்டும் அவருக்கு, சாப்பாடு மட்டும் எனக்கா என்று ஒருநாள் தட்டில் மீன் வைத்து நீட்டினாள். மறுநாள் தட்டு வெறுமனே திரும்பவில்லை. நல்ல தேயிலைப் பொட்டலம் ஒன்றோடு வந்தது. சிரிக்கும்போது அந்தக் கண்கள் சுருங்கி, ஓரத்தில் கோடுகள் விழுவதை அவள் பார்த்துவைத்திருந்தாள். எதற்குப் பார்த்தோம் என்று தன்னையே கோபித்தும் கொண்டாள். மீன் சாப்பிடத் தோன்றாத நாட்களிலும் மார்க்கெட்டில் மீன் வாங்கினாள்...

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அண்ணன் போன் பண்ணுவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஒரு சிம்னியைச் சரி பண்ண முடியல. தனியா இருந்து என்ன சாதிக்கப் போறே? வீட்டை வித்துட்டு இங்க வந்துரு."

 உண்மையிலேயே என்னால் ஒன்றும் முடியாதோ என்ற பயம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

ஒரு சனிக்கிழமை குன்னூர் பெட்ஃபோர்டு பஸ் ஸ்டாப்பில் நல்லசாமி வசமாக மாட்டினார். அவள் கேட்ட கேள்வியில் குடைக்குள்ளேயே ஒடுங்கிப்போனார்.

"அம்மிணி, என்னையத் திட்டாதீங்க. போன மாசமே ஆள் அனுப்பினனுங்க, நீங்க ஊட்டுல இல்ல. உங்க பக்கத்து ஊட்டு சார்தான், அவசரமில்ல, மெதுவா வந்தாப் போதும்னு திருப்பி அனுப்பிட்டாரு."

அன்று கதவு தட்டப்படும்வரை அவள் காத்திருக்கவில்லை. அவன் வீட்டுப் படியேறும்போதே வழிமறித்தாள். அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சொன்னனுங்க."

"தெனமும் எங்கண்ணங்கிட்ட பேச்சு வாங்கறேன். ஒண்ணுக்கும் ஆகாதவள்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். உங்களுக்கு அது வெளையாட்டா?"

ஏன் என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். அவனோ மழையில் நின்றபடியே, தப்புதாங்க என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க அவள் ரோஷம் விடவில்லை.

திங்கட்கிழமை நல்லசாமியே வந்து நின்று கருங்கல் சுவரைத் துளைத்தார். குழாய் வெளியே போனது. பலகை ஓட்டை அடைபட்டது. அண்ணனுக்குப் படம் அனுப்பினாள். பரவாயில்லையே என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வீட்டைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

அதற்கப்புறம் கதவை யாரும் தட்டவில்லை...

மீன் வறுத்தாள், யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புகை சுத்தமாக வெளியேறிப் பனியோடு கலந்தது. வீடு முழுக்க ஒரு வாசமும் இல்லை, ஒரு பேச்சும் இல்லை. சாயங்காலமானால் காது மட்டும் வாசலுக்குப் போய் நின்றது. படியில் அவன் காலடி கேட்கும், கொஞ்சம் தயங்கும், அவன் வீட்டுப் பக்கம் போய்விடும். அந்தத் தயக்கம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஏன் திருப்பி அனுப்பினார்? நாற்றத்தில் தினமும் கஷ்டப்பட்டவர் அவர்தானே... கோட்டைப் பையில் போட்டுவைத்தவர் அவர்தானே... புரிந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்காமலேயே கோபப்பட்டுவிட்டோமே.

சனிக்கிழமை மாலை நல்ல மழை. லோயிஸ் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போய் அவன் கதவைத் தட்டினாள்.

திறந்தவன் பதறிப்போனான். "சிம்னி மறுபடியும் எதாச்சும்..."

"சிம்னி நல்லா இருக்குதுங்க." அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான்தான் நல்லா இல்ல."

 மழைச் சத்தம் தகரத்தில் ஏறி இறங்கியது.

"புகை நின்னுட்டா உங்க கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணமும் இருக்காதுன்னு பயந்துட்டனுங்க," என்றான் கடைசியில். "நீங்க படற கஷ்டம் தெரிஞ்சிருந்தா சத்தியமா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ற மாதிரியா நீங்க பார்த்தீங்க?"

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"நாளைக்கு எங்கண்ணன் வர்றாரு. வீட்டை விக்கலைன்னு சொல்லப் போறேன். ஏன்னு கேப்பாரு..."

"என்ன சொல்லுவீங்க?"

"எனக்குப் பிடிச்சவரு பக்கத்து ஊட்டுல இருக்காருன்னு சொல்லுவேன்." துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, முதன்முறையாகத் தயங்காமல் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். "அப்ப நீங்களும் கூட வந்து நில்லுங்க."