எதையும் மாற்றாத துண்டு

விஜயதசமி காலை. மூக்கண்டப்பள்ளியில் அன்று எந்த ஆலையிலும் சங்கு ஊதவில்லை. பூட்டிய கேட்டுகளில் வாழைக்கன்றுகள் சாய்ந்து நின்றன. ஓய்வுபெற்ற குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக் கண்மூடி நின்றபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"மாமா, கேஸு வந்திருக்குது," என்றான் கிருஷ்ணப்பன்.

அவன் அவருடைய மைத்துனன். கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குப் பழம் கொள்முதல் செய்பவன். சீசன் முடிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். அக்கா சமையலுக்காக என்று சொல்லிக்கொள்வான். யாராவது எதையாவது தொலைத்துவிட்டு மாமாவைத் தேடி வரமாட்டார்களா என்ற ஆசைதான் உண்மையான காரணம்.

"செருப்பை ஒழுங்கா விடக்கூட நேரமில்லாம வருது பாரு பொண்ணு. மொதல்ல தண்ணி குடு, அப்புறம் கேஸப் பாக்கலாம்," என்றார் மாதேஸ்வரன்.

வந்தவள் நிர்மலா. அடுத்த தெரு முனீஸ்வரனின் மகள். சூளகிரி சாலையில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். நெஞ்சோடு ஒரு தேக்குப் பெட்டியை அணைத்திருந்தாள்.

"சார், ஒரு துண்டு காணோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பேசணும். அது இல்லாம முடியாது."

பெட்டியைத் திறந்தாள். வெல்வெட் பள்ளங்களில் தீப்பெட்டி அளவு எஃகுத் துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டு. நடுவில் ஒரு பள்ளம் மட்டும் காலி. அதில் வெள்ளைப் பருத்தித் துணிக் கழிவு, மெஷின் துடைக்கும் வேஸ்ட், நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்புக் கறை.

"மாமா, ரத்தம்," என்றான் கிருஷ்ணப்பன், குரலைத் தாழ்த்தி.

மாதேஸ்வரன் அதை எடுத்து முகர்ந்தார். "குங்குமம்டா. கூடவே எண்ணெய் வாசனை. நீ சொல்லும்மா, இது என்ன பெட்டி?"

கல்லூரியில் மூன்று நாள் கூட்டம் நடக்கிறது என்றாள் நிர்மலா. சார்புகளை மட்டுமே கொண்டு கணினி நிரல் எழுதும் முறைக்கு அடியில் இருக்கும் கணிதத்தைப் பற்றிய கூட்டம். பல மாநிலங்களிலிருந்தும் பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். அந்தக் கணிதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் வரைந்து கொடுத்தாள். ஆலைக்கான கருவிகளைச் செய்யும் டூல்ரூமில் தொழிலாளியான அப்பா தன் ஓய்வு நேரமெல்லாம் செலவழித்து இந்தத் துண்டுகளைச் செய்தார்.

"சார்புன்னா என்னம்மா? எனக்கு மாம்பழம்தான் தெரியும்," என்றான் கிருஷ்ணப்பன்.

"உங்க ஆலை மெஷின் மாதிரிதாண்ணா. பழம் போட்டா கூழ் வரும். அதே பழத்தப் போட்டா என்னைக்கும் அதே கூழ்தான் வரணும்."

"எங்க ஆலையில அப்படி வராதே."

"அதனாலதான் அது சார்பு இல்ல," என்றாள் நிர்மலா. அந்தக் கவலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். "இந்தப் பக்கம் ஒரு துளையில சின்ன எஃகுக் குண்டப் போட்டா, உள்ள வளைஞ்சு அந்தப் பக்கம் வேற துளையில வெளிய வரும். ஒவ்வொரு துண்டும் ஒரு சார்பு. துண்டுகளக் கோத்தா நீளமான நிரல். நான் நீளமா ஒண்ணக் கோத்துக் காட்டி, கணக்கு விதிப்படி கொஞ்சம் கொஞ்சமாச் சுருக்குவேன். கடைசியில அத்தனைக்கும் பதிலா ஒரே ஒரு துண்டு போதும்னு வரும். அதுல எல்லாத் துளையும் நேர். எந்தத் துளையில போட்டமோ அதே துளையில வரும். சமனிச் சார்புன்னு பேரு. அதுதான் காணோம்."

"வேற ஒண்ணு செஞ்சிட முடியாதா?"

"எல்லா மெஷினும் பூஜையில இருக்கு சார். மறுபூஜை பண்ணாம யாரும் சுவிட்சத் தொட மாட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "அப்பாகிட்ட இன்னும் சொல்லல. கூட்டத்துல உக்காந்து பாக்கறதுக்குப் புதுச்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்காரு. நான் பேசறத அவரு ஒரு தடவை கூடப் பாத்ததில்ல."

மாதேஸ்வரன் சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். "அப்ப அவரு கிளம்பறதுக்குள்ள நாம கிளம்பலாம்."

போகும் வழியில் அவள் மீதியைச் சொன்னாள். நேற்று ஆயுத பூஜை. கல்லூரிப் பணிமனையில் மாலையில் பூஜை நடந்தது. எஃகில் செய்த கருவியாயிற்றே என்று அட்டெண்டர் செல்வம் கேட்டதால் பெட்டியையும் கொடுத்தாள். சாமி படத்துக்கு முன்னால் திறந்து வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொட்டு வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பதால் பெட்டி இரவு அங்கேயே இருந்தது. காலையில் பெட்டிக்கு மட்டும் மறுபூஜை முடித்து செல்வம் அதைக் கொண்டுவந்தபோது நடுப்பள்ளம் காலி.

"யார் மேலயாவது சந்தேகம்?" என்றான் கிருஷ்ணப்பன் ஆவலாக.

நிர்மலா தயங்கினாள். "பெங்களூர்ல இருந்து பிரகாஷ்னு ஒருத்தர் வந்திருக்காரு. கணக்கக் காகிதத்துல எழுதணும், இரும்புல எழுதக் கூடாதுன்னு நேத்து எல்லாரும் இருக்கும்போதே சொன்னாரு. அந்தத் துண்டக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தாரு. ஆனா நான் பாக்காததச் சொல்ல மாட்டேன் சார்."

"நல்ல வார்த்த," என்றார் மாதேஸ்வரன்.

பணிமனையில் வாழையிலையும் பொரியும் இன்னும் பெருக்கப்படாமல் கிடந்தன. கடைசல் இயந்திரங்களுக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் மாலை. மூலையில் ஒரு இரும்பு பீரோ. அதற்கும் மாலை, கதவில் மூன்று பட்டைச் சந்தனம். செல்வம் கண்கலங்கிப் போய் நின்றிருந்தான்.

"சாவி எங்கிட்டதான் இருந்துச்சு சார். ராத்திரி பூட்டினது நான்தான், காலையில தொறந்ததும் நான்தான். துறைத்தலைவர் மேடம் என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க."

"பூட்டும்போது பெட்டிய எட்டிப் பாத்தியாப்பா?"

"இல்லீங்க. மூடி சாத்தியிருந்துச்சு. அப்படியே விட்டுட்டன்."

"நீங்க தெறந்து வச்ச மூடிய யாரோ சாத்தியிருக்காங்க," என்றார் மாதேஸ்வரன். "எல்லாரும் போனதுக்கு அப்புறம் கடைசியா இங்க யார் இருந்தா?"

"நானும் பணிமனை இன்ஸ்ட்ரக்டர் ராமப்பன் சாரும்தான். நான் வெளிய சன்னலெல்லாம் சாத்திக்கிட்டிருந்தப்ப மெஷினுக்கெல்லாம் எண்ணெய் விட்டுட்டு அவரு தளி பஸ்ஸப் புடிக்கப் போயிட்டாரு. இன்னைக்குப் பேத்திக்குக் கோயில்ல மொத எழுத்து எழுதி வைக்கறாங்க. அது எல்லையோர ஊரு, போன் போட்டாக் கன்னடத்துல ஏதோ சொல்லுது, டவர் கெடைக்கல."

கிருஷ்ணப்பன் பீரோவைத் தட்டினான். "இதுக்குள்ள என்னா?"

செல்வம் பதறினான். "அண்ணா, அதத் தொடாதீங்க. மாஸ்டர் பீஸுங்க. பசங்க செய்யற ஜாப்பையெல்லாம் அதுல வச்சுத்தான் அளவு பாப்பாங்க. ராமப்பன் சார் டூல்ரூம்ல இருந்து வந்தவரு. மாஸ்டர ஜாப்போட ஒண்ணாப் போட்டுட்டா அன்னைக்கு எங்களுக்குச் சாப்பாடு எறங்காது, அவ்ளோ திட்டுவாரு."

மாதேஸ்வரன் பெட்டி இருந்த இடத்தைப் பார்ப்பதை விட்டு இலைகளுக்கு நடுவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொரி, பூ, எலுமிச்சைத் தோல் எல்லாம் கிடந்தன. எண்ணெய்க் குவளை பீரோவின் காலடியில் இருந்தது.

"பிரகாஷ் எங்க இருக்காருன்னு பாத்துட்டு வா மச்சான். அதட்டாத. பாத்துட்டு மட்டும் வா."

கிருஷ்ணப்பன் திரும்பி வந்தபோது முகத்தில் இருந்த உற்சாகம் பாதியாகக் குறைந்திருந்தது. "மாமா, அந்த ஆளு கேன்டீன்ல உக்காந்து பிளேடால அட்டைய வெட்டி ஒட்டிக்கிட்டிருக்காரு. அந்தத் துண்டு மாதிரியே ஒண்ணு. நேர்த் துளைதானே, எப்படியாவது செஞ்சிடலாம், அந்தப் பொண்ணு பேச்சு நிக்கக் கூடாதுங்கறாரு. விரலை வேற வெட்டிக்கிட்டாரு. இது நெஜமாவே ரத்தம்."

நிர்மலா தலைகுனிந்தாள்.

கூட்டத்தின் பொறுப்பாளரான துறைத்தலைவர் ரேவதியையும், பிரகாஷையும், செல்வத்தையும் மாதேஸ்வரன் பணிமனைக்கு வரச் சொன்னார். பிரகாஷ் விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தான். ரேவதி கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் மாதேஸ்வரன். "இங்க திருட்டே நடக்கல."

அவர் வேஸ்ட் துணியை உள்ளங்கையில் விரித்தார். "திருடறவன் எடுத்த இடத்துல எதையும் வச்சிட்டுப் போக மாட்டான். இங்க சுத்தமான வேஸ்ட மடிச்சு வச்சிருக்குது. ஏன்? நடுவுல இடம் காலியானா, பெட்டியத் தூக்கும்போது பக்கத்துத் துண்டு சரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு மோதும். முனை மழுங்கும். எஃகு மேல பாசம் இருக்கறவங்களுக்குத்தான் அது தோணும்."

"ரெண்டாவது, இந்தக் குங்குமம். எடுத்த துண்டுல இருந்த பொட்ட இந்தத் துணியால தொடச்சிருக்காங்க. மத்த துண்டுங்கள்ள பொட்டு அப்படியே இருக்குது. ஆக, அந்த ஒரு துண்டுக்கு மட்டும் பொட்டு ஆகாதுன்னு ஒருத்தர் நெனச்சிருக்காரு. பொட்டோட ஈரம் எஃகுல துரு ஏத்தும். தொடச்ச கையோட எண்ணெயும் போட்டிருக்காரு. துணியிலயே வாசன இருக்குது."

"பூஜைப் பொட்ட அழிக்கறவர் சாமி நம்பிக்கை இல்லாதவரா இருப்பாரோ?" என்றார் ரேவதி, பிரகாஷ் பக்கம் பார்க்காமல்.

"நானும் அதைத்தாம்மா மொதல்ல யோசிச்சேன். ஆனா கீழ பாருங்க. எல்லாக் குப்பையும் தரையில கெடக்குது. குங்குமம் பட்ட இந்தத் துணிய மட்டும் கீழ போடல. கால்ல மிதிபடக் கூடாதுன்னு மடிச்சுப் பெட்டிக்குள்ளயே வச்சிருக்காரு. பயபக்தி உள்ள மனுசன். அப்படிப்பட்டவரு பூஜையில வச்சத நடுவுல எடுக்கறாருன்னா, எடுக்காம விட்டா அதவிடப் பெரிய தப்புன்னு அவருக்குத் தோணியிருக்கணும்."

அவர் நிர்மலாவைப் பார்த்தார். "உங்க கண்ணுக்கு அது சார்பு. டூல்ரூம்ல வளந்த ஒரு கண்ணுக்கு அது என்னவாத் தெரியும்? மத்த துண்டுலயெல்லாம் வழி வளைஞ்சு போகுது. இது ஒண்ணுலதான் எல்லாத் துளையும் நேர், ரெண்டு முகமும் ஒண்ணு. மத்ததோட துளை சரியா இருக்கான்னு பாக்கறதுக்காகச் செஞ்ச துண்டு."

"மாஸ்டர்," என்றான் செல்வம் மெல்ல.

"அதேதான். அத யாரோ விவரமில்லாம ஜாப்போட சேத்துப் போட்டிருக்காங்க, பொட்டு வேற வச்சிருக்காங்க, விடிஞ்சாத் துரு ஏறிடும். ராமப்பனால அதப் பாத்துட்டுச் சும்மா பஸ் ஏற முடியல. செல்வம், பீரோவத் தொற. பாவம் வந்தா என் தலையில போடு."

செல்வம் கன்னத்தில் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தான். மேல்தட்டில், மற்ற மாஸ்டர்களோடு, எண்ணெய்த் தாளில் சுற்றி நூலால் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. தாளின் மேல் புதிதாக ஒரு குங்குமப் பொட்டு.

"எஃகுல அழிச்சத தாள் மேல வச்சிட்டாரு," என்றார் மாதேஸ்வரன். "பீரோவுக்கும் மாலை போட்டிருக்குது. அவரு கணக்குல துண்டு பூஜைய விட்டு வெளிய போகவே இல்ல."

ரேவதி செல்வத்தின் பக்கம் திரும்பினார். "காலையில உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்பா. மனசுல வச்சுக்காத." செல்வம் பீரோ மாலையைச் சரிசெய்தான்.

நிர்மலா பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பிரகாஷிடம், "அந்த அட்டைத் துண்ட எனக்குக் குடுத்துடுங்க. பெட்டியிலயே வச்சுக்கறேன்," என்றாள்.

"அது ஆடும், ஒழுங்கா நிக்காது," என்றான் பிரகாஷ்.

"இருக்கட்டும்."

மத்தியானம் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முனீஸ்வரன் மடிப்புக் கலையாத சட்டையில், கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். நிர்மலா துண்டுகளைக் கோத்தாள். குண்டு உள்ளே போய், வளைந்து வளைந்து கடைசியில் புறப்பட்ட அதே துளை வழியே வெளியே விழுந்தது. அவள் ஒவ்வொரு விதியையும் பலகையில் எழுதிக்கொண்டே ஜோடி ஜோடியாகத் துண்டுகளைக் கழற்றினாள். மேசை முழுக்க நீண்டிருந்த சங்கிலி குறைந்துகொண்டே வந்தது. பேராசிரியர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் ராமப்பன் நுழைந்தார். கையில் கோயில் பிரசாதப் பை. செல்வம் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அவர் முகம் வெளிறியிருந்தது. கடைசி வரிசையில் நின்றபடியே கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கோம்மா. மாஸ்டர்னு நெனச்சுட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். நிர்மலா கையில் இருந்த அந்தத் துண்டை உயர்த்திக் காட்டினாள்.

"நீங்க நெனச்சது சரிதான் சார். எங்க கணக்குலயும் இதுதான் மாஸ்டர். இது எதையும் மாத்தாது. ஆனா ஒரு சார்பு மாத்தினத இன்னொரு சார்பு சரியாத் திருப்பிக் குடுக்குதான்னு இத வச்சுத்தான் பாக்கறோம்." அவள் முன்வரிசையைக் கைகாட்டினாள். "இதச் செஞ்சவரு முன்னால உக்காந்திருக்காரு. எங்கப்பா. காப்பாத்தினவரு பின்னால நிக்கறாரு."

மேசையில் மிஞ்சியிருந்த இரண்டு துண்டுகளையும் அகற்றிவிட்டு, அந்த ஒன்றை வைத்தாள். குண்டைப் போட்டாள். சத்தமே இல்லாமல் அது நேராகப் போய், அதே துளையில் வெளியே வந்து நின்றது.

முதலில் எழுந்து கைதட்டியவன் பிரகாஷ், கட்டுப்போட்ட விரலோடு. பிறகு அரங்கமே எழுந்தது. கிருஷ்ணப்பன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

முனீஸ்வரன் எழவில்லை. பின்னால் திரும்பி ராமப்பனைக் கைகாட்டி அழைத்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ராமப்பன் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்ததும் அவர் காதருகே குனிந்தார்.

"எந்த எண்ணெய்ங்க போட்டீங்க? நான் செஞ்சப்பகூட இவ்ளோ வழுக்கிட்டுப் போகல."