தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கல்லின் மேல் தவிடு அப்படியே கிடந்தது. நேற்று வைத்த ஒரு கைப்பிடி, எறும்புகூட மொய்க்காமல் பனியில் நனைந்து கட்டிப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு முயல். நிஷாந்தினி கொழுந்துக் கூடையை இறக்காமலே குனிந்து அதைக் காதைப் பிடித்துத் தூக்கினாள். கனமே இல்லை. வயிற்றில் ஒரே ஒரு கீறல். உள்ளே குடல் இல்லை, ஈரல் இல்லை. கறி மட்டும் கடிபடாமல் இருந்தது. கையை உதறி அதைக் கீழே போட்டாள்.

கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் முனியாண்டி கல் அது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் அங்கே சேவல் அறுத்துக் கறியைத் தாங்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள். குடலும் ஈரலும் பச்சையாகக் கல்லுக்கு. விடிந்தால் கல் துடைத்துவிட்டது போலிருக்கும். சாமி எடுத்துக்கொண்டது என்று கும்பிடுவார்கள். கீழே புதுக்கோயில் கட்டிய கமிட்டிக்காரர்களுக்குத் திடீர் ஞானம் பிறந்து, இனி இரத்தம் ஆகாது, தேங்காயும் பொங்கலும் போதும் என்றுவிட்டார்கள். சாமியிடம் யார் கேட்டது? அதற்குப் பிறகுதான் கல்லில் உடும்பு கிடந்தது. பிறகு செதில் மூடிய அழுங்கு. பிறகு சுவரொட்டிய பக்கத்துக் காம்பராக் கருப்பம்மாவின் நாய். எல்லாமே உள்ளே காலி.

பெரகல சந்தியில் கோழிக்கடை வைத்திருக்கும் ஜெஸீம் நானா, அது நிட்டாவோவாக இருக்கும் என்று சிரித்தார். சிங்களவர் கதையில் வரும் குட்டையான மனிதக்குரங்குச் சாதியாம். நகத்தாலேயே வயிற்றைக் கிழித்துக் குடலைத்தான் முதலில் தின்னுமாம். எப்போதோ அழிந்துபோய்விட்டதாம். கருப்பம்மா அதை நம்பவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கொடலும் ஈரலும் சாமி பங்கு. கறி நம்ம பங்கு. நம்ம பங்க நமக்கு வச்சிட்டுத்தான் போவுது" என்றாள்.

நிஷாந்தினியும் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் முடியவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். மூன்றாவதாக வந்த விதுஷா கைப்பிள்ளை; போன வாரம் ஜன்னி கண்டு கண் செருகியபோது இவளுக்கு உயிரே போய்விட்டது. கணவன் சுரேஸ் கொழும்பில் கடை வேலையில் இருந்தான், போனில் அழத்தான் அவனால் முடிந்தது. பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வேறொருத்தி தவிட்டை விலையாக வைத்துத் திரும்ப வாங்க வேண்டும்.

நேற்று விதுஷாவைக் கல்லில் கிடத்தி, "இது ஒங்க புள்ள சாமி, எடுத்துக்கங்க" என்று சொன்னாள். காட்டுக்குள் குருவிச் சத்தம் சட்டென்று நின்றது. ஈரக் கம்பளி வாடை வந்தது. கூட வந்திருந்த கருப்பம்மா தலையில் போட்டிருந்த கறுப்புக் கம்பளிதான் நாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். கருப்பம்மா தவிட்டை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

அந்த விலையைத்தான் யாரும் எடுக்கவில்லை.

பிள்ளையைக் கருப்பம்மாவிடம் விட்டுத்தான் வந்திருந்தாள், ஆனாலும் அதற்கு மேல் கொழுந்தில் கை ஓடவில்லை. அரைநாளோடு வேலையை விட்டு, பஸ் பிடித்துச் சந்திக்குப் போய், நாய்க்கு என்று பொய் சொல்லி ஜெஸீம் நானாவிடம் கோழிக்குடலும் ஈரலும் ஒரு பை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பனிமூட்டம் இறங்கித் தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அவள் நின்றால் அதுவும் நின்றது போலிருந்தது. பையிலிருந்த இரத்த வாடையைத் தாண்டி அந்த ஈரக் கம்பளி வாடை, இப்போது கம்பளியே இல்லாத இடத்தில்.

கல்லில் தவிட்டைக் காணோம். ஒரு பொட்டுகூட இல்லாமல் வழித்தெடுக்கப்பட்டிருந்தது.

நிஷாந்தினி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சாமி விலையை எடுத்துக்கொண்டது. பிள்ளை பிழைத்தது. கொண்டுவந்ததையும் கல்லில் கொட்டிவிட்டு இறக்கத்தில் ஓடினாள்.

லயத்தில் கரண்ட் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. வாசற்படியில் ஏதோ சொதசொதவென்று காலில் மிதிபட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. உள்ளே சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், இருட்டில், கருப்பம்மா கம்பளியைத் தலையோடு போர்த்துக் குந்தியிருந்தாள். ஒரு கை தொட்டிலை ஆட்டியது. விதுஷா ங்கா ங்கா என்று பேசிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது.

"பெரியம்மா, சாமி தவிட்ட எடுத்துக்கிச்சு. இனி இவ நம்ம புள்ள."

தொட்டிலை ஆட்டிய கை நிற்கவில்லை.

காலில் ஒட்டியது குளிர்ந்தது. குனிந்து தொட்டாள். தவிடு. வாசற்படியில் ஒரு கைப்பிடி. கல்லில் வைத்த அதே ஈரத் தவிடு. அதில் விரல் பதிந்த தடம்.

வெளியே, பீலிக்கரைப் பாதையில், வாளிச் சத்தம். கருப்பம்மாவின் குரல்.

"நிஷா, வந்துட்டியா? தண்ணி புடிக்கப் போனேன். புள்ள தூங்குதா?"

தொட்டில் நின்றது.

குந்தியிருந்தது திரும்பவில்லை. விலகிய சேலைக்குள் ஒரு சின்னக் கை விதுஷாவின் சட்டையை மெதுவாக மேலே சுருட்டியது. நீண்ட நகம். அது தொப்புளுக்குக் கீழே, அழுத்தாமல், ஒரு கோடு இழுத்துப் பார்த்தது.

கூச்சம் தாங்காமல் பிள்ளை சிரித்தது.